திங்கட்கிழமை மஞ்சள்

எனக்குக் கோபம் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. என்னிடம் படித்த யாரைக் கேட்டாலும் இரண்டாவது வாக்கியத்தில் இதைத்தான் சொல்வார்கள். முதல் வாக்கியத்தில் என்ன சொல்வார்கள் என்பது அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணைப் பொறுத்தது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் குறைகடத்திப் பொருள்களைப் பற்றி வேலைக்காலம் முழுக்கப் பாடம் நடத்தினேன், ஆராய்ச்சி செய்தேன், கத்தினேன். மூன்றையும் சமமாகவே செய்தேன் என்று நினைக்கிறேன்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று தைவானிலும் அமெரிக்காவிலும் சிப் செய்யும் ஆலைகளில் பெரிய வேலையில் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு மேசையோடு ஆரம்பித்த ஆய்வுக்கூடம் இப்போது ஒரு மாடி முழுக்கப் பரவியிருக்கிறது. உள்ளே போக வேண்டுமென்றால் காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி எல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டும். விழா வைத்தால் என்னையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி ஐந்து நிமிடம் பேசச் சொல்கிறார்கள். நான் சொல்ல நினைப்பதை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நாடு கதவைத் திறந்துவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் உள்ளே வந்தவர்களைவிட வெளியே போனவர்கள்தான் அதிகம். குறுவை விளைந்த நிலத்தில் கல்லூரிக் கட்டடங்கள் விளைந்துகொண்டிருந்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், எல்லா அப்பாக்களுக்கும் அமெரிக்கா வேண்டும். என் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பியவனை நானே பிடித்திருக்கிறேன். கூட வேலை பார்த்த ஆசிரியர்கள்கூட மூன்று மாதம் ஏதோ ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினார்கள். எனக்கும் வெளியே ஒரு வாய்ப்பு வந்தது. நான் போகவில்லை. தேசபக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிடிவாதம்தான். இந்த மண்ணில் உட்கார்ந்து செய்ய முடியாது என்று நாலு பேர் சொன்னார்கள், செய்து காட்டுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா குடவாசல் பக்கத்தில் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர். எங்கள் தெருவிலிருந்து இன்ஜினீயரிங் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முனைவர் பட்டத்திலும் நான்தான் முதல். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெரு ஆண்கள் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு ஊருக்குள் நடந்தால், "என்னடா, எங்க கெளம்பிட்ட?" என்று கேட்க ஆள் இருந்தது. சர்ச்சுக்குப் போகிறவர்கள்கூட வேட்டியை மடித்துக் கையில் எடுத்துப் போய் அங்கேதான் கட்டிக்கொள்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே வேட்டி கட்டினேன். நடக்கும்போது மொடமொடவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கும்.

கல்லூரியில் எனக்குக் கொடுத்த ஆய்வுக்கூடம், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறை. ஜன்னலைத் திறந்தால் வயல். அறுவடைக் காலத்தில் தூசியும் பதரும் நேராக பீக்கருக்குள் வந்து விழும். நாங்கள் செய்த பொருள் கேட்மியம் சல்பைடு. இரண்டு கரைசல்களைக் கலந்தால் மஞ்சளாக ஒரு தூள் திரண்டு வரும். அழுகின முட்டை நாற்றமும் கூடவே வரும். அடுத்த அறையில் கணக்கு நடத்தியவர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை.

இந்தத் தூளில் என்ன விசேஷம் என்றால், அதன் துகள்கள் மிகமிகச் சிறியதாக, நானோ அளவுக்குப் போனால் நிறமே மாறிவிடும். வேறெதுவும் சேர்க்க வேண்டாம். அதே பொருள், அளவு மட்டும் சிறுத்தால் போதும். துகள் பெரிதாக இருந்தால் மாம்பழச் சதை மாதிரி ஆழ்ந்த மஞ்சள். நானோ அளவுக்கு வந்தால் வெளிறிய எலுமிச்சை மஞ்சள். நம்மிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாவிட்டாலும் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் உலகமே இந்தச் சின்னத் துகள்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். அதைத் தடுக்க ஆளாளுக்கு விலை உயர்ந்த ரசாயனங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு எதுவும் போடாமலேயே எலுமிச்சை மஞ்சள் வந்தது.

முதல் தடவை அதைப் பார்த்ததும் நான் கத்திய கத்தலில் கணக்கு ஆசிரியர் ஓடி வந்து, யாருக்கோ மின்சாரம் தாக்கிவிட்டது என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். தூளைச் சென்னைக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்தோம். நானோ அளவுதான், சந்தேகமே இல்லை. கட்டுரை எழுதினேன், வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்தது. திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வந்து துறை முழுக்கக் கொடுத்தேன். மத்திய அரசின் நிதி கிடைத்தது. ஓர் ஆராய்ச்சி மாணவியைச் சேர்த்துக்கொண்டேன். பட்டுக்கோட்டைப் பக்கம், தேங்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். அவள் அப்பா என்னிடம் வந்து, "மூணு வருசத்துல முடிச்சுக் குடுத்துடுங்க சார், மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார். தேங்காய் லோடுக்கு நாள் குறிக்கிற தோரணையில் சொன்னார். முடித்துவிடலாம் என்று நானும் தைரியமாகச் சொன்னேன்.

கட்டுரை வந்து எட்டாவது மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். உங்கள் முறைப்படி நாங்கள் பலமுறை செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ஆழ்ந்த மஞ்சள்தான் வருகிறது. நீங்கள் எழுத மறந்த ஏதாவது விவரம் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மரியாதையாகக் கேட்டாலும் கேள்வி என்னவோ ஒன்றுதான். நீ சொன்னது உண்மையா?

நிதி கொடுத்த இடத்துக்கும் அதன் நகல் போயிருந்தது. அவர்களிடமிருந்து அடுத்த கடிதம். நிபுணர்கள் இரண்டு பேர் நேரில் வருவார்கள். அவர்கள் கண்முன்னால் செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திட்டம் நிறுத்தப்படும். திட்டம் நின்றால் மாணவியின் உதவித்தொகை நிற்கும், பட்டம் நிற்கும், என் கட்டுரையை நானே திரும்பப் பெற வேண்டியிருக்கும். தாளாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் பேசினார். "அந்த ரூமைக் குடுத்துடுங்க சார். அறுபது கம்ப்யூட்டர் போடலாம்."

ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னது என் காதுக்கும் வந்தது. "எதைச் செஞ்சாரோ? மளிகைக் கடையில மஞ்சத்தூள் வாங்கிப் போட்டிருப்பாரு." எல்லோரும் சிரித்தார்களாம். இன்னொருவர், "இவங்களுக்கெல்லாம் எப்படிக் கெடைக்குது, என்ன செய்றாங்கன்னு தெரியாதா?" என்றாராம். மஞ்சத்தூள் பேச்சு வலித்தது. இரண்டாவது பேச்சு எரிந்தது. "இவங்க" என்றால் யார் என்பது எனக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். நான் பொய்யன் என்று நிரூபணமானால் அது என்னோடு போகாது. என் தெருவில் அடுத்துப் படித்து வருகிற ஒவ்வொரு பிள்ளை முகத்திலும் அதை ஒட்டிவிடுவார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், எங்களுக்கே ஒவ்வொரு முறையும் எலுமிச்சை மஞ்சள் வந்துவிடவில்லை. சில நாள் வரும், சில நாள் ஆழ்ந்த மஞ்சள் வந்து நிற்கும். வராத நாளில் நான் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். கத்துவது. கை சுத்தமில்லை, கவனமில்லை, கலக்கத் தெரியவில்லை என்று கத்தித் தூளைக் கழிவு ஜாடியில் கொட்டச் சொல்வேன். "இதையெல்லாம் நோட்டுல எழுதாத. தப்பாப் போனதை எவனும் எழுத மாட்டான்." இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எல்லாத் தப்புக்கும் ஆளைக் காரணமாக்கியதால் பொருளைப் பார்க்கவே இல்லை.

அந்தப் பெண் எழுதியிருந்தாள். எனக்குத் தெரியாமல் வேறு ஒரு நோட்டில், கெட்டுப்போனதை எல்லாம் தேதி போட்டு, பக்கத்தில் மஞ்சள் கலர் பென்சிலால் நிறத்தையும் தீட்டி வைத்திருந்தாள். குழு வர இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில், நோட்டை என் மேசையில் வைத்தாள்.

"சார், திங்கக்கிழமை செஞ்சா நல்லா வருது. செவ்வாய்க்கிழமை பரவால்ல. புதன்லேருந்து வரவே மாட்டேங்குது."

"ரொம்ப நல்லது. பஞ்சாங்கம் பாத்து ஆராய்ச்சி செய்யலாம். ராகு காலம், எமகண்டம் எல்லாத்தையும் கட்டுரையில போட்ருவோம்."

அவள் அசையவில்லை. தேங்காய் வியாபாரி மகள். விலை பேசும்போது முகம் மாறக் கூடாது என்று வீட்டில் கற்றிருப்பாள். "சேந்த நாள்லேருந்து எழுதியிருக்கேன் சார். பாருங்க."

பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. நாங்கள் சென்னைக்கு அனுப்பிய மாதிரிகள் எல்லாமே திங்கட்கிழமை செய்தவை. செவ்வாய்க்கிழமை ஒருவர் சென்னைக்குப் போவார், அவரிடம் கொடுத்தனுப்புவோம். அதனால் கட்டுரையில் திங்கட்கிழமைத் தூள் மட்டுமே இருந்தது. மிச்ச நாள்களை நான் ஜாடியில் கொட்டியிருந்தேன்.

திங்கட்கிழமை என்ன மாறுகிறது? இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். ரசாயன பாட்டில்கள் அதேதான். கலக்கும் கருவி அதேதான். தண்ணீர்? காய்ச்சி வடித்த நீர்தான், ஒரே கொதிகலனிலிருந்து இளஞ்சூட்டோடு வருவது. அது பழைய கொதிகலன். துருவும் சுண்ணாம்புப் பொருக்கும் உதிரும், அதோடு வயல் தூசி வேறு. அத்தனை லிட்டரை வடிகட்டும் தாளில் வடிகட்டினால் தீபாவளி வந்துவிடும். அதனால் ஜாடி வாயில் ஒரு துணியை நாலாக மடித்துக் கட்டி அதன் வழியாக ஊற்றுவோம். என் பழைய வேட்டி, கிழிந்துபோனது. வாரம் முழுக்க அதே துணி. சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போவேன், மனைவி துவைத்துக் கொடுப்பாள், திங்கட்கிழமை கொண்டு வருவேன். கட்டுரையில் இதை எழுதவில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டினோம் என்று யாராவது எழுதுவார்களா?

"சார்," என்றாள் அவள், "திங்கக்கிழமை அந்தத் துணி மொடமொடன்னு இருக்கும். கட்டவே வராது. புதன்கிழமை தொவண்டு போயிடும்."

மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போன வேகத்தில் கரந்தைப் பக்கம் ஒரு மாட்டின் மேல் மோதியிருப்பேன்.

என் மனைவிக்கு ஊர் தரங்கம்பாடி. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, எதையும் நிதானமாக, வரிசையாகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு. நான் வாசலிலிருந்தே கத்தினேன்.

"இந்தத் துணியை என்ன பண்ற?"

"சோப்புப் போட்டுத் துவைப்பேன். நாலு தண்ணி அலசுவேன். கஞ்சி போட்டுக் காய வைப்பேன்."

"கஞ்சியா? தண்ணி வடிகட்டுற கந்தலுக்குக் கஞ்சியா?"

"சோத்துக் கஞ்சிதாங்க. நல்லாத் தெளிவா வடிச்சு எடுத்துத்தான் போடுறேன்."

எங்கள் துறையில் தூய்மைதான் தெய்வம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுக்கு சேர்ந்தாலே தலையில் அடித்துக்கொள்வோம். நான் வாரா வாரம் ஆய்வுக்கூடத்துத் தண்ணீரில் சோற்றுக் கஞ்சியைக் கரைத்திருக்கிறேன். அதை வைத்து வெளிநாட்டு இதழில் கட்டுரை எழுதியிருக்கிறேன். "உன் கஞ்சியால என் பேரே போச்சு! கிழிஞ்ச துணிக்கு எவளாவது கஞ்சி போடுவாளா? மூளை இருக்கா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

அவள் அழவில்லை. கையிலிருந்த துணியை என்னிடமிருந்து வாங்கினாள்.

"கிழிஞ்ச துணிதான். ஆனா காலேஜுக்குல்ல போகுது. அங்க நாலு பேரு பாப்பாங்க. இவங்க வீட்டுத் துணி இப்படித்தான் இருக்கும்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாதுன்னுதான் போட்டேன். உங்க ஞாயித்துக்கிழமை வேட்டிக்குப் போடுற அதே கஞ்சிதான். தனியா ஒண்ணும் செய்யலை."

நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் மொடமொடவென்று நடந்ததற்கும் அவள் கந்தலுக்குக் கஞ்சி போட்டதற்கும் ஒரே காரணம்தான். எனக்கு அது பெருமை. அவள் செய்தால் மூளையில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆள் நான். "சாப்பாடு போடு" என்று மட்டும் சொன்னேன். போட்டாள்.

மறுநாள் சர்ச்சில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. என் தலைக்குள் வேறு பிரசங்கம். கஞ்சி இல்லாத நாளில் வந்தது ஊர் உலகத்துக்கெல்லாம் வருகிற ஆழ்ந்த மஞ்சள். ஜெர்மனிக்காரர்களுக்கும் அதுதான் வந்தது. கஞ்சி இருந்த நாளில் எலுமிச்சை மஞ்சள். அப்படியானால் கஞ்சி கெடுக்கவில்லை, கஞ்சிதான் செய்திருக்கிறது! மாவுச்சத்து ஒவ்வொரு துகளையும் சுற்றிக்கொண்டு, பக்கத்துத் துகளோடு ஒட்டவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அவனவன் விலை உயர்ந்த ரசாயனத்தில் தேடுவது எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையில் இருந்திருக்கிறது. இது தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சபை முழுக்க உட்கார்ந்திருக்கிறது, நான் ஒருவன் மட்டும் நிற்கிறேன். ஏதோ சாட்சி சொல்லப் போகிறேன் என்று போதகர் பிரசங்கத்தை நிறுத்திக் காத்திருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி கண்ணாலேயே உட்காரச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை, வடிகட்டிய தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனைதான். தண்ணீர் நீலமாக மாறியது. செவ்வாய்க்கிழமை வெளிர் நீலம். புதன்கிழமை ஒன்றுமில்லை. மாணவி துள்ளிக் குதித்தாள். குதித்தவள் என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நின்றாள். "குதிம்மா, பரவால்ல" என்றேன். பிறகு துணியை ஓரமாக வைத்துவிட்டு, கஞ்சியை அளந்து போட்டுச் செய்து பார்த்தோம். கொஞ்சம் போட்டால் கொஞ்சம் வெளுத்தது, கூடப் போட்டால் நன்றாக வெளுத்தது. ஒரு வாரம், எந்தக் கிழமையாக இருந்தாலும், எங்கள் விருப்பப்படி நிறம் வந்தது.

குழு வியாழக்கிழமை வந்தது. ஒருவர் வடக்கத்திக்காரர், வயதானவர், வாயே திறக்கவில்லை. இன்னொருவர் சென்னைக்காரர், அவர் வாயை மூடவே இல்லை. தாளாளரும் வந்து நின்றார், அறையை மனத்துக்குள் அளந்துகொண்டே. மஞ்சத்தூள் ஆசிரியரும் ஏதோ வேலையாக வந்ததுபோல் வாசலில் நின்றார்.

நான் முதலில் கஞ்சி போடாத தண்ணீரில் செய்து காட்டினேன். ஆழ்ந்த மஞ்சள். வாசலில் யாரோ கனைத்தார்கள். "எங்கள் கட்டுரையில் எழுதியபடி செய்தால் இதுதான் வரும். ஜெர்மனிக்காரர்கள் சொன்னது சரி" என்றேன். சென்னைக்காரர் பேனாவைத் திறந்தார். அடுத்து, அன்றைக்கென்றே என் மனைவி துவைத்துக் கொடுத்த துணியை ஜாடி வாயில் கட்டினேன். மாணவி தண்ணீரை ஊற்றினாள். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பீக்கருக்குள் எலுமிச்சை மஞ்சள் இறங்கியது.

நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து கஞ்சி வரைக்கும். சென்னைக்காரர் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அப்ப உங்க கட்டுரை தப்பு."

"முறை தப்பு சார். நிறம் சரி."

"திருத்தம் போட்டுடுங்க. அரிசி மாவுச்சத்து சேர்த்தோம்னு ஒரு வரி போதும். இந்த வேட்டி, கந்தல் எல்லாம் வேண்டாம். வெளிநாட்டுக்காரன் படிச்சா சிரிப்பான். நமக்குத்தான் அசிங்கம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு வரி எழுதினால் எல்லாம் முடிந்துவிடும், கௌரவமாக முடிந்துவிடும். கந்தலை மறைக்கத்தானே என் வீட்டில் கஞ்சியே போட்டார்கள்? ஆனால் எனக்கு வழக்கமான கோபம் வந்தது. அன்றைக்கு அது சரியான இடத்துக்குப் போனது.

"சேர்த்தோம்னு எழுதினா நாங்க தெரிஞ்சு சேர்த்ததா அர்த்தம் சார். நாங்க சேர்க்கலை. என் வீட்டுக் கிழிஞ்ச வேட்டியில இருந்து வந்துச்சு. என் மனைவி போட்ட கஞ்சி. அப்படியேதான் எழுதுவேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ஆனா சிரிச்சிட்டு அவன் செஞ்சு பாத்தா மஞ்சள் வரும்."

வடக்கத்திக்காரர் எழுந்து வந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். துணியைத் தொட்டுப் பார்த்தார், விரலால் சுண்டினார். பிறகு தானே தண்ணீரை ஊற்றி, தானே கலந்து, தானே சொட்டுச் சொட்டாக விட்டார். பீக்கர் எலுமிச்சை மஞ்சளாக மாறியதும் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "லெமன்" என்றார். அன்று முழுக்க அவர் பேசிய ஒரே சொல் அதுதான் என்று நினைக்கிறேன். தாளாளர் உடனே என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அந்த அறையை எனக்கே கொடுத்தவர் அவர்தான் என்பதுபோல.

திட்டம் நீடித்தது. திருத்தம் இதழில் வந்தது. கிழிந்த பழைய துணி என்ற சொற்களோடு. இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து கடிதம். செய்தோம், வந்தது, ஒவ்வொரு முறையும் வந்தது, வாழ்த்துகள். அந்தக் கடிதத்தை நகல் எடுத்து ஆசிரியர் அறை அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டினேன். ஒட்டிவிட்டுப் போய்விடவில்லை; காபி வாங்கிக்கொண்டு வந்து பலகைக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மஞ்சத்தூள் ஆசிரியர் வந்தார். படித்தார். "கங்கிராஜுலேஷன்ஸ் சார்" என்றார். "மளிகைக் கடைப் பேரு வேணுமா சார்?" என்று கேட்டேன். பெருந்தன்மை எனக்கு இன்றுவரை வரவில்லை. அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

வீட்டில் அந்தக் கடிதத்தையும் அச்சில் வந்த திருத்தத்தையும் மனைவியிடம் கொடுத்தேன். அவள் இரண்டையும் நிதானமாகப் படித்தாள்.

"அவங்க என்ன அரிசி போட்டாங்களாம்?"

"அரிசி இல்ல. உருளைக்கிழங்கு மாவாம்."

"அதுலயா வந்துச்சு?" என்றாள், நம்பாமல். பிறகு திருத்தத்தை விரலால் தொட்டாள். "கிழிஞ்ச பழைய துணின்னு போட்டிருக்கீங்க. போடுங்க, அது உண்மைதான். துவைச்சதுன்னு எங்க போட்டிருக்கீங்க?"

நான் பார்த்தேன். போடவில்லை. எத்தனையோ தடவை படித்துப் பார்த்து அனுப்பியது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன். இனிமேல் இதழில் மாற்ற முடியாது என்று சொன்னேன். "சரி விடுங்க" என்றாள். சரி என்று சொன்ன குரல் சரியாக இல்லை. கந்தலைப் பற்றி ஊரறியச் சொன்னது அவளுக்கு வருத்தமில்லை. அழுக்குத் துணி என்று நினைத்துவிடுவார்களே என்பதுதான் அவள் கவலை. இதை என் மாணவியிடம் சொன்னேன். அவள் தன் ஆய்வேட்டுப் பக்கத்தை எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பட்டுக்கோட்டையிலிருந்து அவள் குடும்பம் ஒரு வேன் நிறைய வந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் உட்பட. என் மனைவியும் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கல்லூரிக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர். ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்து, பயன்படுத்திய பொருள்களின் பட்டியலைச் சத்தமாகப் படித்தார்.

"'நன்கு துவைத்து, நான்கு முறை அலசி, அரிசிக் கஞ்சி போட்டு உலர்த்திய பழைய வேட்டித் துணி.' சரி. கஞ்சி தேவை, ஒத்துக்கிறேன். இந்த 'நன்கு துவைத்து, நான்கு முறை அலசி' எல்லாம் எதுக்கும்மா? ரிசல்ட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எடுத்துடலாமே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"அது இல்லாம எழுதினா பொய்யாயிடும் சார்."

தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரிசையில் என் மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.